டை கட்ட வேண்டாம்... ஆனா பில் போடாம இருக்கலாமா? பனியன் ஜாப் ஒர்க் ஓனர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது!

மொட்டைத் தலையோட கேமரா முன்னாடி வந்து, தன் கடைக்குத் தானே விளம்பரம் பேசினார் லலிதா ஜுவல்லரி கிரண்குமார். லெஜண்ட் சரவணன் நடிகைகளோடு விளம்பரத்தில் ஆடி, 2022-ல் ஹீரோவாகவே வந்துவிட்டார். அவர்களுக்கு முன்பே வசந்த் அண்ட் கோ விளம்பரத்தில் சிரித்த முகத்தோடு நின்றவர் வசந்தகுமார். 'ப்ரொஃபஷனலா இருக்கணும்' என்று சொல்பவர்கள் கணக்குப்படி இதெல்லாம் செய்யவே கூடாதவை. நாமும் மீம் போட்டோம். அப்புறம் அதே கடைக்குப் போய் வாங்கவும் செய்தோம்.

ஆனா திருப்பூருக்கு இந்த ஸ்டைல் புதுசே இல்லை.

ஊத்துக்குளி ரோடு, மண்ணரை பக்கம் ஒரு சின்ன யூனிட்டுக்குள் போனால் ஓனர் யார், டெய்லர் யார் என்று சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. ஆள் வராத அன்று ஓவர்லாக் மெஷினில் உட்காருபவர் ஓனராகத்தான் இருப்பார். விசிட்டிங் கார்டு இருக்காது, ரிசப்ஷன் இருக்காது. 'அண்ணா, பீஸ் எப்போ வரும்?' என்று ஒரு போன், அவ்வளவுதான் ஆர்டர்.

இது வெறும் பழக்கம் இல்லை, இந்த ஊர் வளர்ந்த விதமே இதுதான் என்கிறார் ஆய்வாளர் ஷரத் சாரி. திருப்பூரைப் பற்றி 2004-ல் வெளியான 'ஃப்ராட்டர்னல் கேபிடல்' என்ற ஆங்கில நூலை எழுதியவர். விவசாயக் குடும்பங்களில் இருந்து வந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாக இருந்து, பிறகு முதலாளி ஆனவர்களை அவர் விரிவாக ஆராய்ந்தார். 'எப்படி ஜெயிச்சீங்க?' என்றால் அவர்கள் காட்டியது படிப்பையோ பட்டத்தையோ அல்ல, தங்கள் உழைப்பை.

கோட், சூட், ஆங்கிலம், ஏசி ரூம் எல்லாம் விட்டாலும் தொழில் நடக்கும். பையரிடம் கொங்குத் தமிழில் பேசினாலும் நடக்கும். சிக்கல் எங்கே வருது என்றால், இவற்றோடு சேர்த்துப் பேப்பரையும் விட்டுவிடும்போதுதான்.

சனிக்கிழமை வந்தால் டெய்லருக்கும் கைமடிக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆனா ஆர்டர் கொடுத்த கம்பெனியோ 'அடுத்த மாசம் பாக்கலாமுங்க' என்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை. அப்போ என்ன செய்ய முடியும்?

15 நாளா, 45 நாளா?

2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர தொழில் நிறுவனங்கள் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்றால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

சரி, 'பீஸ்ல டேமேஜ் இருக்கு'ன்னு ரெண்டு மாசம் கழிச்சு சொன்னால்? சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் அந்த ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால், இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் டிசி-யில் தேதியும் கையெழுத்தும் வாங்குவது ரொம்ப முக்கியம். பேச்சில் முடிந்த ரேட்டையும் பீஸ் எண்ணிக்கையையும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜாகப் போட்டு, 'ஓகே' என்று பதில் வாங்கி வைக்கலாம். மின்னணுப் பதிவுகளை ஆதாரமாக ஏற்கச் சட்டத்தில் இடம் இருக்கு. போனில் பேசிவிட்டு வைத்தால் கையில் ஒண்ணும் மிஞ்சாது.

2024 ஏப்ரல் 1 முதல் இன்னொரு பிடியும் வந்தது. வருமான வரிச் சட்டத்தில் அப்போது சேர்க்கப்பட்ட விதிப்படி, இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அதாவது, உங்களுக்குத் தராமல் இழுத்தால் அவர்களுக்கு வரி கூடும்.

யாருக்குப் பொருந்தும்?

குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். 2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்புப்படி இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரை என்றால் குறு நிறுவனம். பெரும்பாலான பவர்டேபிள் யூனிட்டுகள் இதற்குள் வந்துவிடும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உத்யம் பதிவு அவசியம். ஆதார், பான் வேண்டும், கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டால் அது அரசுக்குப் போவதில்லை. ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிவை முடித்து வைப்பது நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. 'நாங்க எல்லாம் ஒரே குடும்பம், ஓனரும் கூடத்தான் தைக்கிறார்' என்பது கேட்க நல்லாத்தான் இருக்கும். அதற்காக 10 பேர் வேலை பார்க்கும் இடத்தில் இஎஸ்ஐ-யும், 20 பேர் இருக்கும் இடத்தில் பிஎஃப்-பும் வேண்டாம் என்று ஆகிவிடாது. மேலே இருப்பவரிடம் நீங்கள் கேட்கும் எழுத்து, உங்களிடம் வேலை பார்ப்பவருக்கும் வேண்டும் இல்லையா?

பணம் வராவிட்டால் ஆன்லைனில் புகார் தரலாம். அது மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. ஆனா புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்குமா என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. அதனாலேயே பலரும் கடைசி வரை அண்ணன், தம்பி என்றே பேசிப் பார்க்கிறார்கள்.