விசாவும் வீட்டுப் பிரமாணமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்கள் முன்பு வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். இப்போது பிள்ளைகள் படிக்கவும் வெளிநாடு போகிறார்கள். 2018-ல் கேரளத்திலிருந்து போயிருந்த மாணவர்கள் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். 2023-ல் சுமார் இரண்டரை லட்சம் பேர். கேரளக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பு இப்படிச் சொல்கிறது.

பிள்ளை படித்த பிள்ளைதான். ஆனால் பல தாள்களில் கையெழுத்துப் போடுவது தாயும் தகப்பனும். அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது?

பாஸ்போர்ட் வேறு, விசா வேறு. பாஸ்போர்ட்டை இந்திய அரசு கொடுக்கிறது. 'இவர் இந்தியர்' என்று அது சொல்லும். விசாவைப் போகிற நாடு கொடுக்கிறது. 'இவர் இங்கே வந்து இத்தனை காலம் படிக்கலாம்' என்று அது சொல்லும். முதலில் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். கல்லூரி தரும் சான்றைக் காட்டித்தான் விசாவுக்கு மனுப் போட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அந்த நாட்டின் கையில். 'விசா உறுதி' என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும் அது வெறும் பேச்சு.

எல்லை ஊர்களில் ஒரு தொல்லை அதிகம். அது பெயர். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. உறவும் பள்ளியும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. வீடு பாறசாலையில், பள்ளி களியக்காவிளையில் என்று இருக்கும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும். கேரளச் சான்றிதழில் பெரும்பாலும் பின்னால் வரும். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும். ஊரில் எல்லோருக்கும் அது ஒரே பிள்ளை. வெளிநாட்டு அதிகாரிக்கு அது இரண்டு ஆள்!

இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று வில்லேஜ் ஆபீசில் சான்று வாங்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழையே திருத்த வேண்டுமானால், கேரளத்துக்குத் திருவனந்தபுரம் பூஜப்புரையில் பரீட்சா பவன் இருக்கிறது. தமிழ்நாட்டில் எழுதிய தேர்வு என்றால் சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். சில நாடுகள் சான்றிதழில் அரசு முத்திரை கேட்கும். கேரளச் சான்றிதழுக்குத் திருவனந்தபுரம் நோர்க்கா ரூட்ஸில் அதை வாங்கலாம். தமிழ்நாட்டுச் சான்றிதழுக்குத் தமிழ்நாட்டு அரசிடம்தான் போக வேண்டும். அலைச்சல்தான். விசாவுக்கு மனுப் போடும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது பணம். 'இந்தப் பிள்ளை இங்கே எப்படிச் சாப்பிடும்?' என்று அந்த நாடு கேட்கும். ஜெர்மனி ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் போடச் சொல்கிறது. இது 2024 செப்டம்பரில் வைத்த தொகை. அதில் மாதம் ஒரு பங்குதான் எடுக்க முடியும். பிரிட்டனுக்குக் காட்டும் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விசா போய்விடலாம்.

'பணத்தை நாங்கள் போட்டுக் காட்டுகிறோம், வட்டி தந்தால் போதும்' என்று சில ஏஜெண்டுகள் வருவார்கள். பொய்த் தாள் பிடிபட்டால் கனடா 5 வருடம் உள்ளே விடாது. பிரிட்டன் 10 வருடம் வரை விடாது. தண்டனை பிள்ளைக்குத்தான், ஏஜெண்டுக்கு அல்ல. 2023-ல் கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் இப்படிச் சிக்கினார்கள். ஏஜெண்டு கொடுத்த கல்லூரிக் கடிதமே போலி! வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். படிக்க அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் கடிதம் உண்மையா என்று கல்லூரிக்கே நேராக எழுதிக் கேட்க வேண்டும்.

வங்கிக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக ஈடு கேட்பார்கள். வீட்டுப் பிரமாணம் வங்கிக்குப் போகும். கடன் தாளில் தகப்பனும் கடன்காரர்தான். பிள்ளை கட்டாவிட்டால் வங்கி அவரிடம் வரும். படிக்கிற காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

விசா மறுத்தால் காரணம் எழுதிய கடிதம் வரும். அதை ஏஜெண்டிடம் கேட்டு வாங்க வேண்டும். விசாக் கட்டணம் திரும்பாது. கல்லூரிக்குக் கட்டியதில் எவ்வளவு திரும்பும் என்பது கல்லூரியின் விதியில் இருக்கும். அதைப் பணம் கட்டும் முன்பே படித்துப் பார்க்கலாம்.