எரிந்தது டிகோடரா, அழுக்கேறியது சக்கரமா?

மாதிரி ரயில் எஞ்சினுக்குள் தபால்தலை அளவில் ஒடுங்கியிருக்கும் மின்சுற்றுப் பலகைதான் டிகோடர். பழைய முறையில் தண்டவாளத்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றினார்கள். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டில் அப்படியில்லை. ஹெச்ஓ அளவு ரயிலின் தண்டவாளத்தில் சுமார் 15 வோல்ட் எப்போதும் இருக்கும். அதன் துருவம் மட்டும் நொடிக்குப் பல ஆயிரம் முறை புரண்டுகொண்டே இருக்கும். ஒரு புரளல் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது ‘ஒன்று’, 100 அல்லது அதற்கு மேல் என்றால் ‘சுழி’. இவற்றைக் கோத்து வரும் கட்டளைகளில் தன் எண்ணுக்கு உரியதை மட்டும் பொறுக்கி எடுத்து மோட்டாரையும் விளக்கையும் இயக்குவது டிகோடரின் வேலை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதையே பொதுத்தரமாக்கியது. அதனால் எந்த நிறுவனத்து டிகோடராக இருந்தாலும் பழுது பார்க்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தியாவில் டிகோடரைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். நின்றுபோன எஞ்சினைப் பார்த்ததும் ‘டிகோடர் போச்சு’ என்று முடிவு கட்டுவது, ஆகவே, விலை அதிகமான அவசரம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளில் சர்க்யூட் போர்டு சோதிப்பவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை: பழுது எங்கே இல்லை என்று ஒதுக்கிக்கொண்டே போனால், கடைசியில் அது இருக்குமிடம் தானே தெரியும்.

ஒதுக்கலின் முதல் படி, நின்றது ஓர் எஞ்சினா, எல்லாமா என்பது. எல்லாம் நின்றால் டிகோடரைத் தொடவே வேண்டாம்; கோளாறு கட்டளை அனுப்பும் கன்ட்ரோலரிலோ, மின்சாரம் தரும் பூஸ்டரிலோ, தண்டவாளத்துக்குப் போகும் ஒயரிலோ இருக்கிறது. ஹெச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதன் குறுக்கே ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் பூஸ்டர் அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் ஒயர் மெலிதாக இருக்கிறது, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. 5 ஆம்பியர் பூஸ்டர் 15 வோல்ட்டில் 75 வாட் வரை கொட்டும். தடம் புரண்ட எஞ்சினில் அவ்வளவும் பாய்ந்தால் பிளாஸ்டிக் உருகும், டிகோடரும் கருகும். பாதையின் மூலைமுடுக்கெல்லாம் நாணயம் வைத்துப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

ஓர் எஞ்சின் மட்டும் மக்கர் செய்தால் முதல் சந்தேகம் அழுக்கின் மேல். கன்டெய்னர் லாரிகள் ஓயாத, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் புழுதிக்குக் குறைவில்லை. ஊர்ப் பெயரிலேயே மண் இருக்கிறது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எழும் நுண்பொறிகள் விட்டுப்போகும் கரும்படிவமும், மழைக்கால ஈரமும் இதோடு சேரும். பழைய முறையில் நொடிப்பொழுது தொடர்பு அறுந்தால் எஞ்சின் சற்றே தயங்கும், அவ்வளவுதான். டிகோடரோ கணினியைப் போல அணைந்து மறுபடி தொடங்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் சக்கரங்களையும், அவற்றைத் தொடும் பிக்கப் தகடுகளையும் துடைத்தாலே பாதிப் புகார்கள் தீரும். உப்புத்தாள் கூடாது, அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகக் குடியேறும்.

துடைத்தும் அசையாவிட்டால் விளக்கைக் கவனிக்க வேண்டும். விளக்கு கட்டளைக்கு எரிகிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால் எண்ணும் மின்சாரமும் சரி. குறை மோட்டார் பக்கம். தரத்தின்படி ஆரஞ்சு, சாம்பல் ஒயர்கள் மோட்டாருக்கு, சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, நீலம் விளக்குகளின் பொது ஒயர். எஞ்சின் பின்னோக்கி ஓடி விளக்கும் எரியாவிட்டால், எட்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகியிருப்பார்கள். எடுத்து நேராகச் செருகினால் போதும், பெரும்பாலும் சேதம் இருக்காது.

எண்ணிக்கையில் அழுக்குக்கு அடுத்தது அமைப்புக் குழப்பம். டிகோடரின் அமைப்புகள் சிவி என்ற எண்ணிட்ட அறைகளில் இருக்கின்றன. விளக்கு எரிந்தும் எஞ்சின் தன் எண்ணுக்கு ஓடாமல் அடம்பிடித்தால் சிவி 19ஐப் பார்க்க வேண்டும். முன்பு வேறோர் எஞ்சினோடு கூட்டு சேர்த்து ஓட்டிய எண் அங்கே மிஞ்சியிருக்கும். அதைச் சுழியாக்கினால் பிடிவாதம் போய்விடும். மின்சாரம் வந்ததும் எஞ்சின் தானே பாய்ந்தோடினால், சிவி 29இல் பழைய முறைக்கான அனுமதி திறந்திருக்கிறது. வழக்கமான 6ஐ 2 ஆக்கினால் அது மூடும். வேகத்தைக் கூட்டக் கூட்ட முகப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் கன்ட்ரோலர் 28 படி வேகத்திலும் டிகோடர் 14 படியிலும் இருக்கின்றன. எதுவும் பிடிபடாதபோது பல டிகோடர்களில் சிவி 8இல் 8 என்று எழுதலாம். எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும், எஞ்சினின் எண்ணும் 3 ஆகிவிடும். அதை மறந்து பழைய எண்ணில் தேடி, டிகோடர் செத்தே போனது என்று நம்புகிறவர்கள் உண்டு.

சிவிகளைப் படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய புரோகிராமிங் பாதையில் வைத்தும் டிகோடர் பதில் சொல்லவில்லை என்பதும் அதன் மரணச் சான்று ஆகாது. கேட்ட கேள்விக்கு ‘ஆம்’ சொல்ல அதற்குக் குரல் கிடையாது. மோட்டாரை 6 மில்லி நொடி உதறி, 60 மில்லி ஆம்பியர் இழுத்துக் காட்டும். எஞ்சின் லேசாகத் துடிப்பது அதனால்தான். கார்பன் பிரஷ் தேய்ந்தோ மோட்டார் ஒயர் அறுந்தோ இருந்தால் அந்தத் துடிப்பு நிகழாது. டிகோடர் நலமாகவே இருக்கும், பதில் மட்டும் வராது.

உண்மையிலேயே எரிந்த டிகோடரில் கருகல் நாற்றம் வரும், அல்லது பலகையில் கொப்புளம் தெரியும். பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டபடியே இருப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். சட்டம் வழியே தண்டவாள மின்சாரம் டிகோடரின் மோட்டார் முனைக்குள் புகுந்துவிடுகிறது. சற்று ஓடி, சூடாகி நின்று, ஆறியபின் ஓடும் எஞ்சினில் டிகோடர் தன்னைக் காத்துக்கொள்கிறது. பல்சக்கரத்தில் இறுக்கமோ, காற்றில்லாத அடைப்போ, டிகோடரின் வரம்பை மீறி இழுக்கும் மோட்டாரோ இருக்கும்.

புதியதைப் பொருத்துமுன் மோட்டார் முனைகளுக்கும் சட்டம், சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லையென மல்டிமீட்டரில் உறுதி செய்ய வேண்டும். எல்இடி விளக்குகளுக்கு சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக்குக் கிடைக்கும் 1 கிலோ ஓம் மின்தடை தவறக் கூடாது. பொருத்தியதும் எஞ்சினை முதலில் புரோகிராமிங் பாதையில்தான் வைக்க வேண்டும். அங்கே மின்னோட்டம் 250 மில்லி ஆம்பியர் அளவுக்குள் கட்டுப்பட்டிருப்பதால் ஒயர் மாறியிருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்பு உண்டு. எண்ணைக் கேட்டால் ‘3’ என்று பதில் வந்த பிறகே முழு மின்சாரம் ஓடும் பாதைக்கு அது போகலாம்.