திருத்தணி குளிருக்கு ரூம் ஹீட்டர் தேவையா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இந்த கரண்ட் பில் கணக்கைப் பாருங்க!

தமிழ்நாட்டில் இன்னைக்கு எங்கே வெயில் அதிகம்னு மே மாசம் டிவியில் சொன்னால், அந்த லிஸ்ட்ல திருத்தணி பேர் அடிக்கடி வரும். அதே ஊர்ல மார்கழி வந்துட்டா, விடியற்காலை சென்னை லோக்கல் ட்ரெயினைப் பிடிக்க ஓடுறவங்க காதை மூடிக்கிட்டுதான் ஓடணும். டிசம்பர் 31 ராத்திரி மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் பூஜை நடக்கிற படித் திருவிழாவுக்குப் போனவங்களைக் கேட்டுப் பாருங்க, அந்தக் குளிரைச் சொல்வாங்க.

சரியா இந்த நேரம் பார்த்து உங்க போன்ல ரூம் ஹீட்டர் விளம்பரம் வரும். "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னும் போட்டிருக்கும். அப்பா அம்மாவுக்குக் குளிருதேன்னு வாங்க நினைக்கிறது நல்ல மனசுதான். ஆனா ஹீட்டரோட செலவு கடையில் முடியறதில்லை.

ஹீட்டர் கணக்கு

ஃபார்முலா ரொம்ப சிம்பிள்: வாட்டை 1000-ஆல் வகுத்து, ஓடுற மணி நேரத்தால் பெருக்கினால் யூனிட். 2000 வாட் ஹீட்டர் தினமும் 3 மணி நேரம் ஓடினால் 6 யூனிட். நமக்கு பில் 2 மாசத்துக்கு ஒரு தடவை. அப்போ 60 நாளைக்கு 360 யூனிட்!

2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தை வச்சுப் பார்ப்போம். முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட் ஓடுற வீட்டுக்கு பில் ரூ.235. அதோட ஹீட்டரின் 360 சேர்ந்தால் 560 யூனிட், பில் ரூ.2,544. ஒரே பில்லில் ரூ.2,300-க்கு மேல் கூடுது.

இதுல ஒரு பொறி இருக்கு. 500 யூனிட் வரைக்கும் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு ரூ.2.35தான். 500-ஐத் தாண்டிட்டா அந்த யூனிட்டுக்கும் ரூ.4.70. அதனால 500 யூனிட்டுக்கு ரூ.1,805 கட்டுறவர், 510 ஓட்டினால் ரூ.2,124 கட்டணும். 10 யூனிட்டுக்கு ரூ.319!

வாடகை வீட்டில் சப் மீட்டரா? ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால், ஹீட்டருக்கு மட்டும் ரூ.2,880.

சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம்

பில்லுக்குப் பயந்து, "எனக்கு பச்சைத் தண்ணியே போதும்ப்பா"ன்னு சொல்ற பெற்றோர் நிறைய வீட்டில் இருக்காங்க. குளிர்ல ரத்த அழுத்தம் கூடும், மூட்டு வலியும் படுத்தும். இந்தக் கணக்கை அவங்களுக்குச் சொல்லுங்க: 15 லிட்டர் வாளித் தண்ணியை 24 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 0.28 யூனிட் போதும். மூணு பேர் குளிச்சா, வீணாகிறதையும் சேர்த்து 2 மாசத்துக்கு 60 யூனிட்னு வச்சுக்கோங்க. 200 யூனிட் வீட்டில் கூடுதல் செலவு ரூ.282தான். ஒரு நாளைக்கு 5 ரூபாய் கூட இல்லை! கீசரை நாள் முழுக்க ஆன்ல விடாதீங்க, அவ்வளவுதான்.

செலவில்லாத ஹீட்டர்

தூங்கும்போது நம்ம உடம்பே சுமார் 70-80 வாட் வெப்பத்தை வெளியே விடுது. போர்வை சூட்டை உண்டாக்கறதில்லை. இந்தச் சூட்டைப் பிடிச்சு வைக்குது. அதனால:

- ஒரு தடிமனான போர்வையை விட, நடுவில் காத்து நிக்கிற மாதிரி ரெண்டு போர்வை நல்லது.
- தரையில் படுக்கிறவங்க மெத்தைக்குக் கீழே பாயும் ஜமக்காளமும் விரிங்க. தரை உடம்புச் சூட்டை இழுத்துடும்.
- கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியைப் பழைய சேலையைச் சுருட்டி அடைங்க.
- மதியம் வெயில் வர்ற ஜன்னலைத் திறங்க, சாயங்காலம் மூடிடுங்க.
- குரங்கு குல்லா, சாக்ஸ். யார் சிரிச்சாலும் பரவாயில்லை!

திருத்தணியில் விடியற்காலை 20 டிகிரிக்குக் கீழே போகும், உண்மைதான். ஆனா ஊட்டி மாதிரி உறைபனி விழுற ஊர் இல்லை. பெரும்பாலான வீட்டுக்கு இதுவே போதும்.

காசை விடப் பெரிய விஷயம்

மூடின அறையில் கரி அடுப்பு மூட்டி வச்சுட்டுத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துடும். காத்து போக வழியில்லாத பாத்ரூமில் கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து உண்டு. வாட்டர் ஹீட்டர் ராடு போடுறவங்க, ஸ்விட்சை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணியைத் தொடணும். வீட்டில் எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.

ஹீட்டருக்கு வச்சிருந்த காசில் அப்பா அம்மாவுக்கு ஆளுக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கிக் கொடுங்க. இஎம்ஐயும் இல்லை, யூனிட்டும் ஓடாது, அடுத்த மார்கழிக்கும் வரும்.

உங்க வீட்டு பழைய பில்லை இன்னைக்கே எடுத்து, 500-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கீங்கன்னு பாருங்க. எத்தனை யூனிட்னு கமெண்ட்ல சொல்லுங்க!