பொய்யீயும் வினையுவமமும்

உவமையைக் கற்பிப்பது எளிது. உவமைக்கு உயிர் எங்கே இருக்கின்றது என்று காட்டுவது அரிது. நிலாப் போன்ற முகம் என்று மாணவன் எழுதிவிடுகின்றான். நிலாவுக்கும் முகத்துக்கும் ஒப்புமை யாது என்று கேட்டால், வட்டம் என்கின்றான். வட்டம் என்பது வடிவு. வடிவு ஒன்றையே பற்றி நிற்கும் உவமை பெரும்பாலும் உயிரற்ற உவமையாய் முடிகின்றது. இதனை விளக்குதற்குப் பல ஆண்டுகளாக நூல்களிலே உதாரணந் தேடி வந்தேன். தெளிவான உதாரணம் நூலில் அகப்படவில்லை, தூண்டிலில் அகப்பட்டது.

தூண்டில் நம்மவர்க்குப் புதிதன்று. கரவெட்டியிலிருந்து வல்லை வெளிக்குச் செல்வோர், தொண்டைமானாற்றுக் கடனீரேரியில் வலை வீசுவோரையும் தூண்டிலிடுவோரையும் காண்பர். தூண்டிலிடுவோர் முள்ளிலே கோப்பது இறால், அன்றி மீன்துண்டு. அது மெய்யான உணவு. அங்கே இரை மெய். நோக்கம் மாத்திரமே பொய். இரையும் பொய்யாய் அமைந்த தூண்டில் வேறொன்று உண்டு. இறகையும் பட்டுநூலையும் முள்ளின்மேற் கட்டி, நீரில் வாழும் பூச்சியென்று மீனை மயக்குவது அது. ஆங்கிலேயர் அதனை ஈ என்றே வழங்குவர். நாம் பொய்யீ என்போம்.

இங்கிலாந்தின் வடபாகத்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, எங்கள் விறாந்தையில் இருந்து ஒரு பொய்யீயைக் கட்டிக் காட்டினார். அக்கைவினையைக் கண்ட பின்னரே, தொல்காப்பியனார் உவமவியலில் வகுத்த ஒரு பாகுபாடு எனக்குப் புத்தொளியோடு விளங்கிற்று.

கட்டும் முறை

அவர் கட்டியது 'சிலந்தி' என்னும் வகை. அது சிலந்தியைப் போலச் செய்யப்பட்டதன்று. முள்ளின் தலைப்பில் நாற்புறமும் விரிந்து நிற்கும் இறகிழைகள் சிலந்தியின் கால்களை நினைவூட்டுதலால் அப்பெயர் பெற்றது. நம் இலக்கண முறையில் உவமையாகுபெயர் என்க.

முள் மிகச் சிறிது. நகத்தின் அளவே இருக்கும். அதனை ஒரு பிடிகருவியிற் பொருத்தி, மெழுகு தடவிய செம்மஞ்சட் பட்டுநூலைத் தலைப்பிலிருந்து சுற்றிக்கொண்டு பின்னே சென்றார். முள் வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்தி, மீண்டும் தலைப்புக்கு வந்தார். உடல் முடிந்தது. நூலே உடல், வேறொன்றும் இல்லை. பின்னர்க் கவுதாரியின் முதுகிறகு ஒன்றை எடுத்து, அடியிலுள்ள பஞ்சு போன்ற தூவியை நீக்கி, நுனியை நூலாற் பிணித்துச் சுற்றினார். ஒன்றரைச் சுற்று. அவ்வளவே. நூலை முடிச்சிட்டு அறுத்துவிட்டார்.

"தம்பி, இறகு மிகவும் ஐதாய் இருக்கின்றதே, இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினால் என்ன?" என்றேன்.

"சுற்றலாம் ஐயா. பார்க்க வடிவாய் இருக்கும். மீன் தொடாது," என்றார்.

யாழ்ப்பாணத்தார் அழகையும் வடிவு என்போம்; உருவத்தையும் வடிவு என்போம். அவர் எப்பொருளிற் சொன்னாரோ, இரண்டு பொருளும் அவ்விடத்துப் பொருந்தின.

அவர் அப்பொய்யீயை ஒரு கிளாசு நீரில் இட்டார். செம்மஞ்சட் பட்டு நனைந்து கருஞ்சிவப்பாயிற்று. விறைத்து நின்ற இழைகள் நெகிழ்ந்தன. நூலை மெல்ல இழுத்தபோது அவை உடலோடு ஒட்டிக்கொண்டன. இழுப்பை நிறுத்தியபோது மீண்டும் விரிந்தன. இழுக்க ஒடுங்கி, விட விரிந்து, அது மூச்சு விடுவதுபோல் இருந்தது. சேவற் கழுத்தின் விறைத்த இறகிலே இவ்வசைவு பிறவாது. ஆதலின் பேட்டுக்கோழி, கவுதாரி முதலியவற்றின் மெல்லிறகையே இதற்குத் தேர்வர்.

பழைமை

பொய்யீயின் வரலாறு நெடியது. கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமர், மாசிடோனியாவில் மீன்பிடிப்போர் செந்நிறக் கம்பளியை முள்ளிற் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழ் வளரும் மெழுகுநிற இறகுகள் இரண்டைக் கட்டிய செய்தியை எழுதி வைத்தார். 1496இல் இங்கிலாந்தில் அச்சேறிய தூண்டில் நூலொன்று பன்னிரண்டு பொய்யீக்களைக் கூறுகின்றது. ஸ்கொத்லாந்தினரான ஸ்டூவர்ட் 1857இல் வெளியிட்ட நூலில் மூன்று சிலந்திகளைப் போற்றினார். 1885இல் பிரிட் என்பவர் யோர்க்சயர் நாட்டுப் பொய்யீக்களைத் தொகுத்து நூலாக்கினார்.

ஸ்டூவர்ட்டின் கருஞ்சிலந்திக்கு இறகு தந்த பறவை, நம் நாகணவாய்ப்புள்ளின் குடும்பத்தது. செஞ்சிலந்திக்கு இறகு தந்தது, நம் கானாங்கோழியின் குடும்பத்தது. கவுதாரியோ, சிவல் என்று சங்கச் செய்யுட்களில் வழங்கும் பறவைக்குத் தூரத்து உறவு. பறவைகள் அங்கும் இங்கும் உறவாயின. கைவினையும் இன்று உறவாகிவிட்டது. கென்யாவிலும் நம் இலங்கையிலும் பெண்கள் தொழிலகங்களிலிருந்து கட்டும் பொய்யீக்கள் மேல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அவற்றைக் கவ்வும் மீனை அப்பெண்களுட் பலர் கண்டிரார்.

நிலைநீரின் சோதனை

சிலந்தி வகை ஓடும் ஆற்றுக்காகப் பிறந்தது. ஆற்றில் நீரே இறகை அசைக்கும்; மீனுக்கு ஆராய நேரமில்லை. பொய்யீ மிதந்து கடந்துவிடுமுன் கவ்வவேண்டும், அன்றேல் இழக்கவேண்டும். ஏரியின் நிலை வேறு. அங்கே நீர் நிற்கின்றது, மீன் உலாவுகின்றது. வந்து பார்க்கலாம், விலகலாம், திரும்பவும் வந்து பார்க்கலாம்.

நிலைநீரின் மீன் ஐயமுடையது என்பதை நம் புலவர் கண்டிருந்தனர். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் ஒரு குளத்தைக் காட்டுகின்றார். பாண்மகன் மூங்கிற்கோலில் தூண்டிலைக் கட்டி, ஊனை இரையாக இட்டிருக்கின்றான். வாளைமீன் இரையைப் பறித்துக்கொண்டு தப்பிவிடுகின்றது. தப்பிய மீன் பின்னர், நீரருகே நின்ற பிரம்பின் நடுங்கும் நிழலையும் தூண்டிற்கோலென்று எண்ணி அஞ்சுகின்றது. ஒருமுறை ஏமாற்றத்தை அறிந்த மீனுக்கு நிழலும் பகை.

இத்தகைய மீனை எதனால் மயக்குவது? ஏரியடிச் சேற்றிலே செந்நிறப் புழுவாய் வளரும் ஒருவகைக் கடியாக் கொசு உண்டு. அது கூட்டுப்புழுவாகி, மெல்ல மேலெழுந்து, நீர்ப்பரப்பின் கீழே சிறிது தங்கி, உறையை உடைத்துப் பறக்கும். அவ்வாறு எழும்பொழுதும் தங்கும்பொழுதும் டிரவுட் மீன் அதனை எளிதில் உண்ணும். தூண்டிற்காரன் சிலந்தியை நீருட் சிறிது தாழவிட்டு, நூலை விரலாலே மிக மெல்லச் சுருட்டி, இடையிடையே நிறுத்துகின்றான். இழைகள் ஒடுங்கி விரிகின்றன. கூட்டுப்புழுவுக்கு அத்தனை இழை இல்லை; அந்த உருவமும் இல்லை. ஆயினும் மீன் கவ்வுகின்றது. அது உருவைக் கண்டு கவ்வவில்லை. உயிர்ப்பைக் கண்டு கவ்வுகின்றது.

வினை, பயன், மெய், உரு என உவமைக்கு நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியனார் வகுத்தார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். 1886இல் மிதக்கும் பொய்யீக்களைப் பற்றி நூல் எழுதிய ஹல்போட் என்பவரின் வழியினர், இறக்கை, வால், நிறம் என்று ஒவ்வோர் உறுப்பையும் ஒப்பித்துக் கட்டினர். அவர்கள் மெய்யும் உருவும் பற்றிய உவமக்காரர். தென்னிங்கிலாந்தின் தெளிந்த ஆறுகளில் அவர்கள் முறையும் பயன்பட்டது. சிலந்தி கட்டுவோர் வினையுவமக்காரர். அவர்கள் உறுப்பை விடுத்து அசைவைப் பற்றினர். புலிபோலப் பாய்ந்தான் என்ற இடத்து வீரனுக்கு வரியும் வாலும் வேண்டுவதில்லை, பாய்ச்சலே போதும். இறகு ஒரு சுற்று மிகுந்தால் வடிவு கூடுகின்றது, அசைவு குன்றுகின்றது. அடைமொழி மிகுந்த உவமையும் அத்தகையதே.

பயன் என்னும் நிலைக்களம்

இனி, நான்கில் ஒன்று எஞ்சியுள்ளது, அது பயன். இங்கேதான் பொய்யீ உவமையினின்றும் பிரிகின்றது. மழைபோலக் கொடுக்கும் கை என்றால், மழையின் பயன் கையிலும் உண்டு. பொய்யீயிலோ, மீன் நாடிய பயன் உணவு. பெற்ற பயன் இரும்பு. திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலே, சூதில் வந்த வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். அவ்விரும்பை அவர் பொன் என்னும் சொல்லாற் குறித்தது கருதத்தக்கது. பொன் என்பது பொதுவாக உலோகத்துக்கும் பெயர். எனினும் சூதாடுவோன் காதில் அது வேறு பொன்னாகவே ஒலிக்கும்.

தூண்டிற்காரருள் இரக்கமுடையோர் முள்ளின் எதிர்க்கொளுவியை நீக்கி, பிடித்த மீனை நீரிலே விட்டுவிடுகின்றனர். ஊனுண்ணாக் குடியிற் பிறந்த எனக்கு அது சிறிது ஆறுதல். முழு ஆறுதல் அன்று.

டிரவுட் மீன் நம் தீவுக்கு வந்த கதையும் ஓர் உவமைக் கதையே. நுவரெலியாவின் குளிரும் மலையும் ஆங்கிலேயருக்குத் தாயகத்தை நினைவூட்டின. 1873இல் கிரகரி ஏரியை அமைத்தனர். 1880களில் டிரவுட் இனத்தைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். பழுப்பு டிரவுட் நன்கு பெருகவில்லை. பின்வந்த வானவில் டிரவுட் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் நிலைத்தது. நீலகிரியிலும் 1907இல் அவலாஞ்சியிலே பொரிப்பகம் அமைந்தது. இன்று அவலாஞ்சி, மேல்பவானி முதலிய தேக்கங்களே தமிழ்நாட்டில் டிரவுட்டுக்குரிய நிலைநீர்கள்.

மலையின் மெய்யும் உருவும் ஒத்தன. பயனோ ஒவ்வவில்லை. ஹோட்டன் சமவெளி ஓடைகளுக்கே உரிய ஒரு சிற்றிறால் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாதது. வேட்டைமீனை அறியாது வாழ்ந்த அவ்வுயிருக்கு வந்தேறிய டிரவுட் பகையாயிற்று. அச்சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆயினும் ஓடையிற் புகுந்த மீன் அங்கேயே இருக்கின்றது. தாயகம் போன்ற ஓர் ஊரைச் செய்ய விரும்பியோர், அவ்வூரில் முன்னரே குடியிருந்தது யாது என்று வினவவில்லை.

இவற்றையெல்லாம் இப்பொழுது வகுப்பிலே சொல்லுகின்றேன். நிலாப் போன்ற முகம் என்று எழுதும் மாணவனிடம், அந்த நிலா என்ன செய்கின்றது என்று கேட்கின்றேன். மேகத்தினின்று வெளிப்படுகின்றதா, நீரிலே நடுங்குகின்றதா? வினை வந்தவுடன் உவமை அசையத் தொடங்குகின்றது. அடுத்து, அந்த உவமை கேட்போனுக்கு எதனைத் தருகின்றது என்று கேட்கின்றேன். விளம்பரமும் மேடைப்பேச்சும் மென்னிறகாய் அசைந்து வரும் காலம் இது. அவற்றைப் படைப்போர் வினையுவமத்தில் வல்லவர். படிக்கும் பிள்ளைகள் அவ்வசைவின் அழகை அறிதல் வேண்டும். கவ்வுமுன், உள்ளே இருப்பது உணவோ இரும்போ என்று பார்க்கவும் பழகுதல் வேண்டும்.