வீட்டுக்கு ஒரு கற்பூரவல்லி

மேல்நாட்டார் சமையலிலும் கைவைத்தியத்திலும் சேஜ் என்ற செடிக்கு ஒரு தனி இடம் உண்டு. அதன் தாவரப் பெயரான சால்வியா, 'குணமாக்குதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் வீடுகளில் அந்த இடத்தில் இருப்பது கற்பூரவல்லி. ஓமவல்லி என்றும் சொல்வோம். துளசி, புதினா, சேஜ், கற்பூரவல்லி எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இளந்தண்டைக் கையில் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும்.

லோஹேகாவ், விமான் நகர் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் நம்மவர் பலர் இச்செடியைத் தேடுகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

பெயரால் வரும் குழப்பம்

மராட்டியில் இதை 'ஓவ்யாசே பான்' என்பார்கள், அதாவது ஓம இலை. ஆனால் கடையில் வாங்கும் ஓமம் இந்தச் செடியின் விதை அல்ல. அது கொத்தமல்லி, சீரகம் இவற்றின் இனத்தைச் சேர்ந்த வேறு செடி. ஓமத்தின் வாசனைக்குக் காரணமான தைமால் கற்பூரவல்லி இலையிலும், அதன் நெருங்கிய உறவான கார்வக்ராலுடன் சேர்ந்து இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி மணக்கின்றன.

இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தியில் கற்பூரவல்லிக்கு 'பத்தர்சூர்' என்ற பெயரும் உண்டு. 'பத்தர்சட்டா' என்பது நம் ரணகள்ளி. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் விழும். நர்சரியில் ஒன்றைக் கேட்டால் மற்றதை எடுத்துக் கொடுப்பது எளிது. ரணகள்ளியில் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய பொருள்கள் உள்ளன. அதைக் கற்பூரவல்லி என்று எண்ணிக் குழந்தைக்குச் சாறு பிழிந்து கொடுத்தால் விபரீதமாகும்.

அடையாளம் எளிது. கற்பூரவல்லி இலை தடிப்பாக, மெல்லிய ரோமத்துடன் வெல்வெட் போல இருக்கும். கசக்கினால் ஓம வாசனை பளிச்சென்று வரும். ரணகள்ளி இலை வழுவழுப்பாக இருக்கும், வாசனை கிடையாது, இலை விளிம்பிலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். பெயரை நம்பாதீர்கள்; ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

வளர்க்கும் முறை

விதை தேடி அலைய வேண்டாம். நான்கு விரல் நீளத்துக்கு ஒரு கிளையை ஒடித்து, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். ஈரத்துணியில் சுற்றிய தண்டு இரண்டு நாள் ரயில் பயணத்தைத் தாங்கும். ரயில்வேயில் இருந்தபோது ஒவ்வொரு மாற்றலுக்கும் எங்கள் செடி இப்படித்தான் கூடவே வந்தது.

சென்னையில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. கற்பூரவல்லிக்கு எமன் தேங்கும் நீர்தான். இவ்வூர்க் கரிசல் மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை அப்படியே தொட்டியில் நிரப்பாமல் ஒரு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு என்று கலந்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்தி வையுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுக் குளிர் 10 டிகிரிக்கு இறங்கும்போது வளர்ச்சி நின்றாற்போல் தோன்றும். பயப்பட வேண்டாம், தண்ணீரைக் குறைத்தால் போதும். 40 டிகிரியைத் தொடும் ஏப்ரல் வெயிலில் மதிய நிழல் கொடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு நீர் ஊற்றினால் போதும் என்பதால் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீட்டுக்கும் ஏற்ற செடி.

இந்தச் செடி இருந்தால் கொசு வராது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. தொட்டியில் சும்மா நிற்கும் செடி கொசுவை விரட்டாது. மாறாக, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

சமையலில்

இலையைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம். நாலைந்து இலையை நெய்யில் வதக்கி, தேங்காய், மிளகு, சீரகம் சேர்த்து அரைத்து மோரில் கலந்தால் கன்னடத்தார் 'தொட்டபத்ரே தம்புளி' என்று சொல்லும் பக்குவம். ரசம் இறக்கும்போது இரண்டு இலை கிள்ளிப் போட்டால் மழை நாளுக்கு இதமாக இருக்கும். கடல் கடந்தும் இதற்கு மதிப்பு உண்டு. இந்தோனேசியாவில் பதாக் இன மக்கள் பிரசவித்த பெண்களுக்கு இந்த இலையில் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள்.

மருந்தாக எதுவரை?

சாதாரண ஜலதோஷத்துக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் நான்கு இலையை ஒரு டம்ளர் நீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சிப் பெரியவர்கள் குடிக்கலாம். சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றில் சில துளி தேனுடன் கொடுப்பது நம் வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி அந்த வயதில் ஆபத்தை உண்டாக்கலாம். கர்ப்பிணிகளும் தினசரி மருந்து சாப்பிடுவோரும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டிமார் வீட்டில் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இருமும் குழந்தை அமைதியாக இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ உலக சுகாதார நிறுவனம் அதை வேகமூச்சு என்கிறது. நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே. அந்த நேரத்தில் இலை பறிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அந்த எல்லையை அறிந்து பயன்படுத்தினால் கற்பூரவல்லியைப் போல் செலவில்லாத துணை வேறில்லை. வீட்டில் இதை வளர்ப்பவர்கள், கேட்கும் அண்டை வீட்டாருக்கு ஒரு கிளையை ஒடித்துக் கொடுங்கள். ஒடிக்க ஒடிக்கத் தழைக்கும் செடி இது.