கிரேக்கப் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல்களில் எழுத்துச் சுருக்கங்கள்: மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

முன்னுரை

சுருக்கக் குறியை விரித்தெழுதிய அளவில் மொழிபெயர்ப்பு நிறைவுறும் என்பது பொதுவான எண்ணம். கிரேக்கப் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல்களுக்கு இவ்வெண்ணம் பொருந்துவதில்லை. அவற்றில் ஓர் எழுத்தின் பொருளை, அது நிற்கும் நிரலும் பட்டியலை வழங்கிய துறையின் பாடத்திட்டமுமே உறுதிசெய்கின்றன. இதனை மூன்று சான்றுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

எண்ணாகும் எழுத்து

கிரேக்கத்தில் பருவங்களை எழுத்துகளால் எண்ணிடுவது மரபு. ஆல்ஃபா 1, பீட்டா 2 எனத் தொடங்கி எப்சிலான் 5 வரை நெடுங்கணக்கின் வரிசையே எண்வரிசையாகும். 6-ஆம் இடம் வழக்கொழிந்த டிகாமா எழுத்துக்கு உரியது. இன்று அவ்விடத்தில் சிக்மா, டௌ ஆகிய ஈரெழுத்துகள் இணைத்து எழுதப்படுகின்றன. ஆகவே, இன்றைய நெடுங்கணக்கில் ஆறாவதாக நிற்கும் ஸீட்டா 7-ஐயும், ஏழாவதாக நிற்கும் ஈட்டா 8-ஐயும் குறிக்கும். நெடுங்கணக்கை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் எட்டாம் பருவத்தை ஏழாம் பருவம் என எழுதிவிடுவார்.

ஓரெழுத்துப் பல்பொருள்

எப்சிலான் பருவ நிரலில் 5 என்னும் எண்ணாகும். பாடவகை நிரலில் விருப்பப் பாடத்தைச் சுட்டும். மணிநேர நிரலில் ஆய்வக வகுப்பைக் குறிப்பதும் உண்டு. கட்டாயப் பாடத்தைக் குறிக்கும் உப்சிலான் அதனோடு சேர்ந்து வருமாயின், குறிப்பிட்ட தொகுதியிலிருந்து கட்டாயமாகத் தெரிவுசெய்ய வேண்டிய பாடம் என்பது பொருள். இதனை 'விருப்பப் பாடம்' என்று மட்டும் பெயர்த்தால் கட்டாயம் என்னும் கூறு மறைந்துவிடும்.

இருவகை அலகுகள்

டெல்டா, மியூ எழுத்துகள் 'கற்பித்தல் அலகு' என்பதன் சுருக்கம். 1982-ஆம் ஆண்டின் 1268-ஆம் எண் சட்டப்படி, ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் நிகழும் ஒரு மணிநேர விரிவுரை ஓர் அலகாகும். பை, மியூ எழுத்துகளோ ஐரோப்பிய முறையிலான 'மதிப்பலகு' என்பதைக் குறிப்பன. இது வகுப்பு நேரத்தோடு மாணவரின் தனிப்பட்ட படிப்பு நேரத்தையும் சேர்த்து அளப்பது. ஓராண்டுக்கு 60, நான்காண்டுக்கு 240 என அமைவது. வாரத்திற்கு 3 மணிநேர விரிவுரை கொண்ட பாடம் 3 கற்பித்தல் அலகுகளைப் பெறும்; அதற்குரிய மதிப்பலகு 5 ஆகவோ 6 ஆகவோ இருக்கலாம். இரண்டையும் 'கிரெடிட்' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால், முழுமையான பட்டமும் குறைபட்டதாகத் தோன்றும். மேற்படிப்பு விண்ணப்பம் மறுக்கப்படவும் இடமுண்டு. மொழிபெயர்ப்பாளரின் பிழை மாணவரின் குறையாகப் பதிவாகிவிடும்.

முடிவுரை

எனவே, மூலச் சுருக்கத்தை அவ்வாறே நிறுத்தி, அதன் விரிவை அருகில் தருதல் வேண்டும். விரிவினைத் துறையின் அவ்வாண்டுப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்தல் வேண்டும். ஓர் அலகை மற்றோர் அலகாகக் கணக்கிட்டு மாற்றுதல் மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. அது பட்டத்தை மதிப்பிடும் நிறுவனத்தின் பொறுப்பாகும்.