எட்டாவது சேர்வரைப் பார்த்தது யார்?

நியூ ஜேர்சியிலும் பே ஏரியாவிலும் ரெக்சசிலும் எங்கள் ஆட்கள் பலர் மென்பொருள் பரிசோதனை வேலையில் இருக்கிறார்கள். "கியூஏ தானே, பட்டனை அமத்திப் பார்க்கிற வேலை" என்று வீட்டிலேயே பகிடி பண்ணுகிறவர்களும் உண்டு. நியூ ஜேர்சியில் 2012ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தை அறிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நைற் கப்பிற்றல் என்பது ஜேர்சி சிற்றியில் தலைமையகம் வைத்திருந்த பெரிய பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க் பங்குச் சந்தை சிறு முதலீட்டாளர்களுக்காக ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதில் பங்குபற்றுவதற்காக நைற் தன்னுடைய கட்டளைகளை அனுப்பும் மென்பொருளில் புதிய நிரலைச் சேர்த்தது. மொத்தம் எட்டு சேர்வர்கள். ஏழுக்குப் புதிய நிரல் போய்ச் சேர்ந்தது. எட்டாவதுக்கு அதைப் பிரதி செய்யாமல் ஒருவர் விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துமூல விதி அங்கே இருக்கவில்லை.

எட்டாவது சேர்வரில் "பவர் பெக்" என்ற பழைய நிரல் கிடந்தது. 2003இலேயே பாவனையை நிறுத்திய சாமான் அது. ஆனால் அழிக்கவில்லை. வாடிக்கையாளர் ஆயிரம் பங்கு கேட்டால் மென்பொருள் அதைச் சிறு துண்டுகளாக்கிச் சந்தைக்கு அனுப்பும். ஆயிரம் நிறைந்ததும் நிறுத்த வேண்டும். அந்தக் கணக்கை வைத்திருக்கும் பகுதியை 2005இல் நிரலில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய பிறகு பவர் பெக் ஒழுங்காக நிற்குமா என்று யாரும் சோதிக்கவில்லை. பாவிக்காத நிரல்தானே என்ற எண்ணம். போதாக்குறைக்கு, பவர் பெக்கை இயக்கிய அதே அடையாளக் குறியைப் புதிய நிரலுக்கும் திரும்பப் பாவித்துவிட்டார்கள்.

காலை 9.30க்குச் சந்தை திறந்தது. எட்டாவது சேர்வருக்குப் போன கட்டளைகள் பழைய நிரலை எழுப்பிவிட்டன. நிறுத்தத் தெரியாத அந்த நிரல் வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தது. வெறும் 212 சிறு கட்டளைகள், 45 நிமிடத்தில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வர்த்தகங்களாகப் பெருகின. நட்டம் 46 கோடி டொலருக்கு மேல். அடுத்த ஆண்டு நைற் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்தது. 2013 ஒக்ரோபரில் பங்குச் சந்தை ஆணையம் 1 கோடி 20 இலட்சம் டொலர் தண்டமும் விதித்தது.

அந்த ஆணையத்தின் உத்தரவில் இரண்டு விடயங்கள் பரிசோதகர்கள் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியவை. அன்று காலை 8 மணி தொடக்கம், சந்தை திறக்கும் முன்னரே, பவர் பெக் பற்றிய பிழைச் செய்தியோடு 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருக்கின்றன. ஒருவரும் அதன்படி நடக்கவில்லை. அவை எச்சரிக்கையாக அமைக்கப்பட்டவை அல்ல, வழக்கமாக வந்து குவிகிறவை. மற்றது இன்னும் மோசம். பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் புதிய நிரலைக் கழற்றினார்கள். அதனால் எட்டும் பழைய நிரலையே ஓட்டத் தொடங்கின.

ஆகவே புதிய வசதி வேலை செய்கிறது என்று காட்டியதோடு எங்கள் வேலை முடிவதில்லை. நான் சோதித்த அதே பதிப்புத்தான் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஏறியிருக்கிறதா? கைவிட்ட நிரல் உள்ளே கிடக்கிறதா? பிழைத்தால் பின்வாங்கும் வழியை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தோமா? எனக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. நேரம் போதாதென்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

இதெல்லாம் பழைய காலத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் திகதி, ரெக்சசில் ஒஸ்ரின் நகரைத் தலைமையகமாகக் கொண்ட கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு சிறு புதுப்பிப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. ஒரு பக்கம் 21 தகவல்களை எதிர்பார்த்தது, மறுபக்கம் 20 மட்டுமே கொடுத்தது. சோதனைகளில் 21ஆவது இடத்தில் "எதுவும் வரலாம்" என்ற பொதுக்குறியைப் போட்டிருந்ததால் அந்த இடம் ஒருபோதும் உண்மையாகச் சோதிக்கப்படவில்லை. புதுப்பிப்பைப் படிப்படியாக அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பியது வினையைப் பெருக்கியது.

யாரும் பார்க்காத அந்த 21ஆவது இடம் எங்களுக்குப் புதிதல்ல. படிவங்களைச் சோதிக்கும்போது பலரும் "ஜோன் சிமித்" என்று அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் குடும்பங்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று ஒரே வீட்டில் வேறு வேறு கடைசிப் பெயர்கள். பாஸ்போட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யூ", அதாவது முதற்பெயர் தெரியாது, என்று போடுவார்கள். முப்பது எழுத்தைத் தாண்டும் பெயர்களும் உண்டு. இடம்பெயர்ந்து வந்தபோது பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றும் ஒரு சோதனை. ஆனால் சொந்தக்காரரின் உண்மை விபரங்களைப் போடாதீர்கள், அதே மாதிரி கற்பனைப் பெயர்களை உருவாக்குங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவும் சோதனைகளை எழுதித் தருகிறது. ஆனால் இந்த மாதிரிப் பெயர்களை நாங்கள் கேட்காமல் அது தரும் என்று நம்பியிருக்க முடியாது.

கண்டுபிடித்ததைச் சொல்வதில்தான் எங்களவர் பலர் பின்நிற்கிறார்கள். ஒப்பந்த வேலை, விசா, வீட்டுக் கடன். ஏன் வீண் வில்லங்கம் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு எழுத்து நல்ல துணை. "இது சரியில்லை" என்று எழுதினால் சண்டை போல இருக்கும். "ஏழு சேர்வரில் பதிப்பைப் பார்த்தேன், எட்டாவதுக்கு எனக்கு அனுமதி இல்லை, அதனால் பார்க்கவில்லை. அதில் பழைய நிரல் இருந்தால் கட்டளைகள் திரும்பத் திரும்பப் போகும். வெளியிடலாமா?" என்று எழுதினால் அது வெறும் தகவல். யாரையும் குற்றம் சாட்டவில்லை. முடிவு மனேஜருடையது. இதை 97 மின்னஞ்சல்களைப் போல ஒரு கூட்டத்துக்கே அனுப்பாமல், முடிவெடுக்கும் ஒருவரின் பெயருக்கு அனுப்புங்கள். ஆம் அல்லது இல்லை என்று மறுமொழி வரவில்லையென்றால், வெளியிடும் நேரத்துக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.